ஃபாங் மெதுவாக இறக்கிய தடவை

கேப்டன் ஃபாங் விமானத்தை இறக்குவதில்லை, இடித்து வைக்கிறார் என்பது எங்கள் நிறுவனத்தில் எல்லோருக்கும் தெரியும். பணிப்பெண்களின் தலைவி ஷு-ஃபென் அக்கா இதற்கென்று ஒரு சட்டமே போட்டிருந்தார். பெங்ஹூ தீவில் இறங்கும்போது பின்னால் ஒரு தட்டாவது குதித்தால், ஃபாங் எல்லோருக்கும் ஒரு பெட்டி கருஞ்சர்க்கரை கேக் வாங்கித் தர வேண்டும். அவரும் மறுபேச்சில்லாமல் வாங்கித் தருவார்.

குளிர்காலத்தில் அந்தத் தீவில் காற்று பக்கவாட்டில் வந்து அறையும். மிதந்து மிதந்து இறங்கப் பார்த்தால் ஓடுதளத்தை விட்டே தள்ளிவிடும். சட்டென்று அழுத்தி உட்கார வைப்பதுதான் சரி. இது துணை விமானியான எனக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். கேக் நன்றாக இருக்கும் என்பதால் நாங்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

அன்று தீவை நெருங்கிச் சக்கரங்களை இறக்கினோம். பின்சக்கரங்களுக்கான விளக்குகள் இரண்டும் பச்சையாயின. முன்சக்கரத்தின் விளக்கு சிவப்பாகவே நின்றது. சக்கரத்தைக் கையால் இறக்கும் அவசரக் கைப்பிடியை இழுத்தும் பார்த்தோம். கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கு அருகே தாழப் பறந்தபோது அங்கிருந்தவர் பார்த்துச் சொன்னார்: "பாதியில தொங்குது, கேப்டன்." அப்படியே இறங்கினால் விமானம் மூக்கால் ஓடுதளத்தைத் தேய்த்துக்கொண்டு போகும்.

தீ அபாயம் குறைய, கடலின் மேல் வட்டமடித்து எரிபொருளைக் குறைத்தோம். ஃபாங்கோடு பறப்பது எனக்குப் பிடிப்பதற்குக் காரணமே அவர் பேசமாட்டார் என்பதுதான். அவருடைய மௌனத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ளலாம். அன்று அதில் உட்கார இடமில்லை.

வானொலியில் எங்கள் பொறியாளர் வந்தார். "பின்சக்கரம் ரெண்டையும் ஓங்கித் தரையில தட்டிட்டு உடனே மேல ஏறுங்க. அந்த உதறல்ல முன்சக்கரம் விழுந்தாலும் விழும். ஓங்கித் தட்டறதுக்கு உங்களுக்கா சொல்லித்தரணும்?"

பின்னாலிருந்து அக்கா தொலைபேசியில் கூப்பிட்டார். "ஃபாங் அண்ணே, எல்லாரும் குனிஞ்சு உட்கார்ந்தாச்சு. நீங்க எப்பவும் போல இறக்குங்க, அது போதும்."

"எப்பவும் போலன்னா?"

"மனசாட்சியே இல்லாம."

இறங்கினோம். தரையைத் தொட்டோமா என்றே எனக்குத் தெரியவில்லை. சக்கரம் உருளும் ஒலி கேட்ட பிறகுதான் நம்பினேன். விசையைக் கூட்டி மறுபடி மேலே ஏறினார். விளக்கு சிவப்பாகவே இருந்தது.

தொலைபேசி ஒலித்தது. "அண்ணே, தொட்டோமா இல்லையா?"

"தொட்டாச்சு."

"இத்தனை வருஷமா இதை எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?"

அவர் சிரிக்கவில்லை. தொலைபேசியை வைத்துவிட்டுத் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே கடல் வெள்ளை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. இன்னொரு முறை தட்டிப் பார்க்க எரிபொருள் இருந்தது. அதன்பிறகு சக்கரம் வந்தாலும் வராவிட்டாலும் இறங்கியாக வேண்டும்.

"பின்னால இருக்கறவங்க ஞாபகம் வந்துடுச்சு, யிஜுன்," என்றார் கடைசியில். "கை தானா மெதுவாயிடுச்சு. நீ தட்டறியா?"

என்னால் முடியும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்தக் காற்றில், இடிக்கவும் வேண்டும், உடைக்கவும் கூடாது என்றால், அந்த அளவு அவருடைய கைக்குத்தான் தெரியும். அதைத்தான் சொல்ல நினைத்தேன். வாயில் வந்தது வேறு.

"நான் தட்டினா கேக் யார் வாங்கறது, கேப்டன்?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தோளை ஒருமுறை உதறிக்கொண்டு திருப்பத்தைத் தொடங்கினார்.

இந்த முறை என் பற்கள் மோதிக்கொண்டன. தலைக்கு மேல் ஏதோ ஒரு மூடி திறந்து தொங்கியது. பின்னால் தட்டுகள் எல்லாம் ஒன்றாகச் சரிந்த சத்தம் கேட்டது. மேலே ஏறும்போது சிவப்பு அணைந்தது. பச்சை வந்தது. அது நிலைக்கிறதா என்று இருவரும் பார்த்தோம். நிலைத்தது.

தொலைபேசியில் அக்கா கூப்பிட்டார். "இப்பதான் எங்க அண்ணன் திரும்பி வந்திருக்காரு."

மூன்றாவது முறை முன்சக்கரமும் தரையில் நின்றது. அதையும் அவர் இடித்துத்தான் வைத்தார். தீயணைப்பு வண்டிகள் வேலையில்லாமல் கூடவே ஓடி வந்தன.

கதவருகே நின்று பயணிகளுக்குத் தலைவணங்கினோம். சிலர் அழுதார்கள். சிலர் ஃபாங்கின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. கடைசியாக வந்த தீவுக்காரப் பெண் ஒருவர், சரிந்த தொப்பியை நேராக்கியபடி அவர் முன் நின்றார்.

"மூணு தடவை இறக்கினீங்களே, சார். முதல் தடவை எவ்வளவு பதமா இருந்துச்சு. அப்பவே நிறுத்தியிருக்கலாமே?"

ஃபாங் இன்னும் தாழ்ந்து வணங்கினார். "அடுத்த தடவை பாத்துக்கறேங்க."

அந்தப் பெண் படியிறங்கும் வரை அக்கா பொறுத்திருந்தார். "ரெண்டு இடி, ரெண்டு பெட்டி," என்றார்.

"முதல் இடி நீங்க எல்லாரும் கேட்டு வாங்கினது," என்றார் ஃபாங்.

கேக் கடைக்கு நானும் அவரோடு போனேன். அப்படிச் சொன்னவர் இரண்டு பெட்டியையும் வாங்கினார்.