நாலு மணிக்கு மட்டும் சிக்கும் கியர்

பிலிப்பைன்ஸின் லுக்பான் ஊரில் கிரிசாந்தோ ஓட்டும் ட்ரைசைக்கிளுக்கு, அதாவது பக்கத்தில் பெட்டி கட்டிய அவன் மோட்டார் சைக்கிளுக்கு, மூன்று வாரமாக ஏதோ பிடித்திருந்தது. திடீரென இரண்டாம் கியர் விழாது. என்ன மிதித்தாலும் முதல் கியரிலேயே உறுமிக்கொண்டு ஆமையாய் நகரும்.

மெக்கானிக் பெரிங் கிளட்ச் கேபிளை மாற்றினார், ஆயிலை மாற்றினார், ஓட்டியும் பார்த்தார். வெண்ணெய் மாதிரி விழுந்தது கியர்.

"எப்படா சிக்குது?"

"நாலு மணிக்கு, பெரிங் அண்ணே."

"தினமுமா?"

"ஞாயிறு கிடையாது."

"வண்டிக்கு ஞாயிறு லீவாடா?"

கிரிசாந்தோ தலையைச் சொறிந்தான். நாலு மணிக்குத்தான் பேக்கரி லிகாயா ஏறுவாள். பெட்டி நிறைய பாண்டெசால் ரொட்டிக் கூடைகள். அவள் அவனுக்குப் பின்னால், பாவாடைக்காரிகள் எல்லாரையும் போல ஒருபக்கமாக உட்காருவாள். அவளிடம் மனதைச் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் கிளம்புவான், பாவி. கியர் சிக்கும், வேர்த்துக் கொட்டும், வாய் கட்டிப்போகும். வண்டியையே ஓட்டத் தெரியாதவன் குடும்பத்தை எப்படி ஓட்டுவான் என்று நினைத்துவிட்டால்?

அன்று பெரிங் தன் ஸ்கூட்டரில் பின்னாலேயே வந்தார். தேவாலயத்து மேட்டில் வழக்கம்போல் சிக்கியது. இடதுபக்கம் எட்டிப் பார்த்தவர் சிரித்த சிரிப்பில் ஸ்கூட்டர் சாக்கடைக்கே போய்விடப் பார்த்தது. கியர் மிதியின் பின்முனையில் ஜம்மென்று ஒரு சிவப்புச் செருப்பு அழுத்திக்கொண்டிருந்தது. பின்முனையை அழுத்தினால் முன்முனை எப்படி இறங்கும்?

"காலை எடும்மா தாயே!"

செருப்பு விலகியது. டக்கென்று இரண்டாம் கியர். கிரிசாந்தோவுக்கு உயிர் வந்தது. பெரிங் கையாட்டிவிட்டுத் திரும்பிப் போனார்.

"தெரியாமத்தானே வச்சீங்க?" என்றான்.

"முதல் நாள் தெரியாமத்தான்."

"அப்புறம்?"

"ரெண்டாவது கியர்ல போனா அஞ்சு நிமிஷத்துல எங்க வீடு வந்துடுது. நீங்களோ வாயைத் திறக்க மாட்டேங்கறீங்க. மூணு வாரமா எனக்குக் கால் மரத்துப்போச்சு."

கிரிசாந்தோவுக்குக் காது வரை சூடேறியது. மேடு தாண்டி நல்ல சமதரை, வண்டி பறக்கத் தயாராக இருந்தது. அவன் குதிகாலால் தானே அழுத்தி முதல் கியருக்கு இறக்கினான். பின்னால் ஜீப்னி வேன் ஒன்று ஹார்ன் அடித்தே ஓய்ந்தது. அவன் பேச ஆரம்பித்திருந்தான்.