பேச்சுக்குக் கொடுத்த பட்டு

டோப்ரி அந்தக் கறுப்புப் பட்டுத் தலைத்துணியை மேஜைமேல் வைத்ததும், நோனாவின் கையிலிருந்த கரண்டி பாத்திரத்தில் தட்டிச் சத்தம் போட்டது. ரொட்டியை யாரும் பிய்க்கவில்லை. பால் ஆடை கட்டிக்கொண்டிருந்தது.

“அவளைக் கூப்பிடு,” என்றார் டோப்ரி தன் மனைவியிடம்.

மருமகள் யோவ்கா அதே அறையில், அடுப்பை ஒட்டித்தான் நின்றிருந்தாள். அவர் சொன்னது அவள் காதில் விழாமல் இல்லை. ஆனாலும் நோனா திரும்பி, “வாடி, மாமா கூப்பிடுறாரு,” என்று சொன்ன பிறகுதான் அவள் அசைந்தாள். வந்து குனிந்து மாமனாரின் கையை முத்தமிட்டாள். அவர் பட்டை எடுத்து அவள் தோளில் போட்டார்.

“உன்னை மன்னிச்சேன். இனிமே என் முன்னாடி நீ பேசலாம்மா.”

என்ன தப்புக்கு இந்த மன்னிப்பு என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். தப்பு ஒன்றுமில்லை, அந்த வீட்டுக்கு மருமகளாக வந்ததுதான். எங்கள் ரோஜாப் பள்ளத்தாக்கில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. புதுப்பெண் மாமனார் முன்னால் வாய் திறக்கக் கூடாது. அவராக ஒரு நாள் மனம் இறங்கி, ஏதாவது ஒரு பொருளைக் கையில் கொடுத்து மன்னித்தால்தான் பேச்சு. சில வீடுகளில் ஒரு வாரத்தில் முடியும். சில வீடுகளில் பிள்ளை பிறக்கும்வரை இழுக்கும். மோட்டார் வண்டி ஊருக்குள் வந்துவிட்ட அந்தக் காலத்தில் பலர் இதைக் கைவிட்டுவிட்டார்கள். டோப்ரி விடவில்லை. மருமகள் எவ்வளவு காலம் வாய் மூடியிருக்கிறாளோ அவ்வளவு மரியாதை அந்த வீட்டுக்கு என்பது அவர் கணக்கு.

யோவ்கா அந்த வீட்டுக்கு வந்து இரண்டாவது ரோஜாப் பருவம் நடந்துகொண்டிருந்தது. முதல் பருவத்தில் சுமங்கலியாக மௌனம் காத்தாள். இரண்டாவதில் விதவையாக.

பட்டைத் தோளில் வாங்கிக்கொண்டு அவள் நிமிர்ந்தாள். வாயைத் திறந்தாள். டோப்ரி காத்திருந்தார். நோனா மூச்சுகூட விடவில்லை. யோவ்கா மறுபடியும் வாயை மூடிக்கொண்டு அடுப்புப் பக்கம் போய்விட்டாள்.

“கூச்சம்,” என்றார் டோப்ரி. “அந்தப் பிரெஞ்சுக்காரன் வந்தா தானா வரும்.”

இதுதான் விஷயம். மனம் இறங்கியெல்லாம் அவர் மன்னிக்கவில்லை. வியாபாரத்துக்கு நாக்கு தேவைப்பட்டது.

டோப்ரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ரோஜா எண்ணெய் காய்ச்சுகிறவர்களில் அவர் பெரிய புள்ளி. காப்பிக் கடையில் அவர் உட்கார்ந்தால் சின்ன வியாபாரிகள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சுற்றி உட்காருவார்கள். அவர் உபதேசம் எப்போதும் ஒன்றுதான். “வியாபாரம்னா என்னய்யா? பேச்சு. சொல்ல வேண்டியத, சொல்ல வேண்டியவன்கிட்ட, நேரா, உடனே சொல்லணும். நடுவுல ஆள் வெச்சியோ, செத்தே.” எல்லோரும் தலையாட்டுவார்கள். வீட்டில் அவரிடம் நேராக எதையும் சொல்ல ஓர் ஆள் கிடையாது என்பது அவர்களுக்கும் தெரியும். அவர்கள் வீட்டிலும் அப்படித்தானே, யார் எடுத்துச் சொல்வது?

நடுவில் ஆள் வைத்தால் என்ன ஆகும் என்று அவர் அனுபவித்தும் பார்த்தார். போன இலையுதிர் காலத்தில் ஒரு பிரெஞ்சு வாசனைக் கம்பெனியின் ஆள் வந்தபோது, மருந்துக்கடைக்காரனை மொழிபெயர்க்கக் கூட்டிப் போனார். இவர் தன் பாட்டனார் காலத்திலிருந்து ஆரம்பித்து அரைமணி பேசுவார். மருந்துக்கடைக்காரன் மூன்று வார்த்தையில் முடித்துவிடுவான். வந்தவர் நீளமாக எதையோ கேட்பார். இவன் திரும்பி, “நல்லா இருக்காம்,” என்பான். வந்தவர் பக்கத்து ஊர் ஆலையோடு ஒப்பந்தம் போட்டுவிட்டுப் போனார். இந்த வருஷம் வரப்போகும் இன்னொரு பிரெஞ்சுக்காரரும் கைநழுவினால், கடன் வாங்கிப் புது பாய்லர் போட்ட ஆலையை மூடவேண்டியதுதான்.

அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது, மருமகள் ப்லோவ்டிவ் நகரத்தில் கன்னியாஸ்திரிகள் பள்ளியில் படித்தவள், பிரெஞ்சு சரளமாகப் பேசுவாள் என்பது. கல்யாணம் பேசும்போது பெண்வீட்டார் அதைப் பெருமையாகச் சொல்லியிருந்தார்கள். அதைக் கேட்டுக்கொண்டுதான் அவள் வாயைக் கட்டிப்போட்டார்.

நோனாவுக்கு அன்று வேலை ஓடவில்லை. மாவு பிசைந்த கையோடு மருமகள் அருகில் வந்து நின்றாள். அவள் மட்டும் யோவ்காவைக் கல்யாணம் ஆன வாரமே மன்னித்துவிட்டாள், ஒரு சாதாரணத் துணியைக் கொடுத்து. இருவரும் கிசுகிசுவென்று பேசிக்கொள்வார்கள். ஆனால் அந்த ஒரு விஷயத்தை மட்டும், யோவ்காவின் புருஷன் லால்யு செத்த நாளிலிருந்து, இருவரும் தொட்டதில்லை.

“என்ன சொல்லப் போறே மாமாகிட்ட?” என்றாள் நோனா.

“அவரு சொல்றத வர்றவருக்கும், வர்றவரு சொல்றத அவருக்கும் சொல்லுவேன் அத்தை.”

“அவ்வளவுதானே?”

யோவ்கா அடுப்பில் விறகைத் தள்ளினாள். திறந்திருந்த ஜன்னல் வழியாக ரோஜா வாசனை வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. ஊருக்கெல்லாம் அது பிழைப்பின் வாசனை. அவளுக்கு அது வெந்த வாசனை. அந்த வாசனை வரும்போதெல்லாம் தொண்டையில் ஒரு வாக்கியம் வந்து நிற்கும். மாவு பிசையும்போது நிற்கும். சனிக்கிழமை, செத்தவனுக்குப் படைக்க அவித்த கோதுமையில் சர்க்கரை தூவிக் கல்லறைக்குக் கொண்டுபோகும்போது நிற்கும். வெளியே வராது, உள்ளேயும் போகாது. ஒரு வருஷமாக அந்த வாக்கியத்தோடுதான் அவள் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள்.

போன வருஷம் நடந்தது இதுதான்.

கல்யாணம் ஆன புதிதில், ஆலையில் யாரும் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, லால்யு அவளைக் கூட்டிப்போய் பாய்லரைக் காட்டினான். அதன் பக்கவாட்டில் ஒரு கண்ணாடிக் குழாய் இருந்தது. உள்ளே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று அதில் தெரியும். “இதுல தண்ணி தெரியலன்னா, எல்லாத்தையும் போட்டுட்டு ஓடிடணும்,” என்று சொல்லிச் சிரித்தான். அவள் கையைப் பிடித்துக் கண்ணாடிமேல் வைத்தான். குழாய் வெதுவெதுப்பாக இருந்தது.

பூப்பறிப்பு மும்முரமாக நடந்த ஒரு நாள், அவளும் நோனாவும் ஆலைக்கு ரொட்டிக் கூடை கொண்டுபோனார்கள். வாய்க்காலில் ஏதோ அடைத்துக்கொண்டு, பாய்லர்க்காரன் அதை எடுத்துவிடப் போயிருந்தான். அவன் இடத்தில் நின்ற லால்யு, கண்ணாடிக்கு முதுகைக் காட்டியபடி அந்தண்டை அண்டாவின் மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். ஆலை வாசலில் டோப்ரி, இரண்டு வியாபாரிகளோடு நின்று பேசிக்கொண்டிருந்தார். அவர் தோளுக்கு மேலே யோவ்கா பார்த்தாள். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் இல்லை.

உள்ளே போக வேண்டுமானால் ஆண்களுக்குக் குறுக்கே போகவேண்டும். எங்கள் ஊரில் பெண் ஆணுக்குக் குறுக்கே நடக்கக் கூடாது. கைக்குழந்தையோடு நிற்கிறவளும், ஒரு பொடியன் கடந்து போகும்வரை ஓரமாக நிற்பாள். குறுக்கே போனால் அவன் காரியம் கெட்டுவிடுமாம். கூப்பிட்டுச் சொல்லலாம் என்றால் மாமனார் முன்னால் வாய் திறக்கக் கூடாது. புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அதைவிடப் பெரிய குற்றம்.

அவள் நோனாவின் கையைப் பிடித்து இழுத்துக் காதில் சொன்னாள். நோனாவுக்கும் புரிந்தது. நோனா இரண்டடி முன்னால் போனாள். டோப்ரி வியாபாரிகளிடம் எதையோ விளக்கிக்கொண்டிருந்தார். முப்பது வருஷக் குடித்தனத்தில் அவர் பேச்சில் ஒருமுறைகூட அவள் குறுக்கிட்டதில்லை. பேசி முடிக்கட்டும் என்று நின்றாள்.

அவர் பேசி முடிக்கவில்லை. லால்யு திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தான், தண்ணீர்க் குழாயைத் திறக்க ஓடினான். காய்ந்து சிவந்து கிடந்த பாய்லரில் பச்சைத் தண்ணீர் போய் விழுந்ததும் அது வெடித்தது. வாசலில் நின்றவர்களைக் காற்று தூக்கி எறிந்தது. உள்ளே நின்றவனை எடுத்து வர ஒரு போர்வை வேண்டியிருந்தது.

கத்தியிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். யோவ்காவுக்குத் தோன்றாமல் இருக்குமா? அவள் தினமும் கத்திக்கொண்டுதான் இருந்தாள், தொண்டைக்குள். வாயைக் கட்டிவைத்துப் பழக்கிய பெண்ணுக்குத் தேவையான நேரத்தில் மட்டும் குரல் எங்கிருந்து வரும்? இதைக் கேட்க வேண்டியது அவளிடம் இல்லை.

பெர்த்தலோ என்ற அந்தப் பிரெஞ்சுக்காரர் மதியத்துக்கு முன்பே வந்தார். ஒல்லியான மனிதர், யாரையும் அவசரப்படுத்தாதவர். தோட்டம், பூ மூட்டைகள், எண்ணெய்ச் செம்புகள் என்று எல்லாவற்றையும் பார்த்துக் கேள்வி கேட்டார். யோவ்கா புதுப் பட்டைத் தலையில் கட்டிக்கொண்டு இருவருக்கும் நடுவில் நின்றாள். டோப்ரி நீளமாகச் சொன்னதை நீளமாகவே சொன்னாள், வந்தவர் கேட்டதைக் கேட்டபடியே சொன்னாள். அவளுடைய வார்த்தை என்று ஒன்றும் அதில் இல்லை. டோப்ரிக்கு முகமெல்லாம் சிரிப்பு. தன் பேச்சு ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் எதிராளியிடம் போய்ச் சேருவதை அவர் முதல்முறையாகப் பார்த்தார்.

“இப்படில்ல பேசணும்,” என்றார் பின்னால் வந்த நோனாவிடம். “நம்ம வீட்லயே வெச்சுக்கிட்டு, அந்த மருந்துக்கடைக்காரன் பின்னால போனேன் பாரு.”

நோனா சிரிக்கவில்லை. அவள் ஆலை வாசலைத் தாண்டி உள்ளே வரவும் இல்லை.

புது பாய்லர் முன்னால் பெர்த்தலோ நின்றார். கொஞ்சம் யோசித்து யோவ்காவிடம் மெதுவாக எதையோ கேட்டார். அவள் பாய்லரையே பார்த்தாள்.

“என்ன கேக்கிறாரு?” என்றார் டோப்ரி.

“போன வருஷம் பாய்லர் வெடிச்சத கேள்விப்பட்டாராம். பருவத்து நடுவுல நின்னுபோற ஆலையோட அவங்க ஒப்பந்தம் போடமாட்டாங்களாம். எப்படி வெடிச்சது, யாரும் முன்கூட்டியே பாக்கலையான்னு கேக்கிறாரு.”

டோப்ரியின் முகம் கல்லானது. மகனைப் பற்றி அவரிடம் யாரும் பேசுவதில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“யாரும் பாக்கலன்னு சொல்லு. திடீர்னு நடந்துபோச்சு, தெய்வச் செயல்னு சொல்லு.”

யோவ்கா பெர்த்தலோ பக்கம் திரும்பினாள். வாய் திறந்தது. காலையிலிருந்து தண்ணீராக ஓடிய பிரெஞ்சு வரவில்லை. அவள் மறுபடியும் மாமனார் பக்கம் திரும்பினாள்.

“மாமா, கண்ணாடியில தண்ணி இல்ல.”

டோப்ரி பதறிப்போய்ப் புது பாய்லரைப் பார்த்தார். கண்ணாடிக் குழாயில் பாதிக்கு மேல் தண்ணீர் நின்றது.

“இருக்கேம்மா.”

“இப்ப இருக்கு. அன்னைக்கு இல்ல.” அவள் குரல் உயரவில்லை. “நான் பாத்தேன். கையில ரொட்டிக் கூடையோட, அதோ, அத்தை நிக்கிற இடத்துல நின்னேன். நீங்க வாசல்ல நின்னு பேசிட்டிருந்தீங்க.”

“பாத்தியா? பாத்துட்டு ஏன் சொல்ல—”

கேள்வி பாதியில் நின்றது. அவர் பார்வை அவள் தலையில் இருந்த பட்டுக்குப் போனது. காலையில் தன் கையால் போட்ட பட்டு.

“அவ என்கிட்ட சொன்னா,” என்றாள் நோனா வாசலிலிருந்து. அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “உடனே சொன்னா. நீங்க பேசி முடிக்கட்டும்னு நான்தான் நின்னேன். நம்ம புள்ளைய நான் நின்னே கொன்னேன்.”

பெர்த்தலோ மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. தன் கேள்விக்குப் பதில் வேண்டுமே என்று டோப்ரியின் முகத்தையே பார்த்து, மரியாதையாக ஏதோ சொன்னார்.

“என்ன... என்ன சொல்றாரு?” என்றார் டோப்ரி.

“பதிலுக்குக் காத்திருக்காராம்.”

“நீ சொல்லும்மா. ஏதாவது சொல்லு.”

“எனக்குத் தெரிஞ்சத நான் சொல்லிட்டேன், மாமா. அத உங்ககிட்டதான் சொல்லணும், சொல்லியாச்சு. அவருக்கு என்ன பதில்னு நீங்களே சொல்லுங்க.”

டோப்ரி பிரெஞ்சுக்காரரைப் பார்த்தார். சொல்வதற்கு இருந்தது. கேட்க வேண்டியவர் கையெட்டும் தூரத்தில் நின்றார். காப்பிக் கடையில் ஊருக்கே பேச்சு கற்றுக்கொடுத்த மனுஷர் வாயைத் திறந்தார், மூடினார், மறுபடியும் திறந்தார். சத்தம் வரவில்லை.

யோவ்கா பட்டை அவிழ்த்து மடித்து, ரோஜா மூட்டை ஒன்றின்மேல் வைத்தாள். வாசலில் நோனா அழுதுகொண்டிருந்தாள், அவளிடம் போக வேண்டும். நடுவில் இரண்டு ஆண்கள் நின்றார்கள். அவள் சுற்றிப் போகவில்லை. டோப்ரியின் காலடிக்கு முன்னால், குறுக்கே நடந்து போனாள்.