வெள்ளிக்கிழமைக் கூட்டம்

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. நான்கு வருடமாக இந்தப் பள்ளிக்கூடத்தில் நர்ஸாக இருந்தும் எனக்கு நல்ல பெயர் கிடையாது. போகட்டும், நல்ல பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறேன்?

நான் கேட்டது பெரிய விஷயமே இல்லை. மருந்தறைக்கு யார் வந்தார்கள், எதற்கு வந்தார்கள் என்று என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது. யார் ஓடாமல் ஓரமாக உட்கார்ந்தார்கள் என்று பி.டி. மாஸ்டரிடம் ஒரு நோட்டு. யார் சாப்பாட்டை அப்படியே கொட்டினார்கள், யார் கூடக் கேட்டு வாங்கினார்கள் என்று கேன்டீன் அக்கா ஒன்று வைத்திருக்கிறார். வகுப்பாசிரியைகளிடம் ஆளுக்கொன்று. வெள்ளிக்கிழமை மதியம் எல்லோரும் நோட்டோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து, பெயர்களை உரக்கப் படிக்க வேண்டும். ஒரு பிள்ளையின் பெயர் இரண்டு நோட்டுக்கு மேல் வந்தால் அன்றைக்கே வீட்டுக்குப் போன். அவ்வளவுதான்.

தலைமையாசிரியை நாற்காலியிலிருந்தே எழுந்துவிட்டார். "சூப்பர் சிஸ்டர்! இத ஒரு பெரிய திட்டமாவே பண்ணிடலாம்" என்றார். அதோடு தொலைந்தது.

முதல் வெள்ளிக்கிழமை திட்டத்துக்குப் பெயர் வைத்தோம். பதினோரு பெயர் வந்து, அதில் யாருக்குமே பிடிக்காத ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். இரண்டாவது வெள்ளிக்கிழமை யார் பொறுப்பாளர் என்று சண்டை. "உடம்புன்னா நான்தானே?" என்றார் பி.டி. மாஸ்டர். "பிள்ளைங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கு மாஸ்டர்" என்றார் ஏழாம் வகுப்பு ஆசிரியை. கேன்டீன் அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே, "அடுப்புல பால் இருக்கு, யாராச்சும் ஒருத்தர் ஜெயிங்கப்பா" என்றார்.

மூன்றாவது வாரம் நான் சம்மதப் படிவத்தைக் கொண்டுபோனேன். ரத்தத்தில் சர்க்கரை பார்க்கும் கருவி என் அலமாரியில் இருக்கிறது. ஒரே ஒரு சொட்டு போதும். ஆனால் பெற்றவர்கள் கையெழுத்தில்லாமல் பிள்ளையின் விரலில் ஊசி படக்கூடாது என்பது விதி. "திட்டத்தோட சின்னம் ரெடியாகட்டும் சிஸ்டர், அதையும் போட்டே அச்சடிச்சிடலாம்" என்றார் தலைமையாசிரியை. நான்காவது வெள்ளிக்கிழமை கூட்டமே இல்லை. திட்டத்தின் தொடக்க விழாவுக்கு ஒத்திகை. அதுவரை ஒரு நோட்டு கூடத் திறக்கப்படவில்லை.

ஏழாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். ஓயாமல் பேசுவாள் என்பதால் அவளை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவோம். அந்த ஒரு மாதத்தில் மூன்று முறை என்னிடம் வந்தாள். அசதி, கால்வலி. மூன்றாவது முறை சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"என்னடி ரேடியோ, பேட்டரி தீந்துபோச்சா?"

"சார்ஜே ஏற மாட்டேங்குது சிஸ்டர்."

காலையில் சாப்பிடாமல் ஓடிவந்திருப்பாள் என்று நினைத்தேன். முந்தைய இரண்டு முறை போலவே குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, இன்னொரு டம்ளர் கேட்டாள். கொடுத்தேன். பாவி, நானே கொடுத்தேன்.

தொடக்க விழாவில் வரவேற்புரை அவளுக்குத்தான். மேடைக்குப் பின்னால் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். ஓடி வந்தவளைப் போல ஆழ ஆழ மூச்சு. முகத்தருகே குனிந்தேன். கனிந்து அழுகிய பழத்தின் வாடை. சர்க்கரை முற்றிப்போனால் மூச்சில் வருகிற வாடை அது. கையெழுத்தாவது, விதியாவது என்று விரலில் குத்தினேன். கருவியில் எண்ணே வரவில்லை. அளக்க முடியாத அளவுக்குச் சர்க்கரை ஏறிப்போயிருந்தது.

பி.டி. மாஸ்டரின் காரில் மடியில் போட்டுக்கொண்டு போனேன். பாதி வழியில், "நான் பேச வேண்டியது யார் பேசுவா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் போய்விட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை யாரும் கூப்பிடாமலே எல்லோரும் வந்தோம். படித்தோம். பி.டி. மாஸ்டரின் நோட்டில் நான்கு தேதிகள்: ஓடவில்லை, இளைத்துவிட்டாள். ஆசிரியையின் நோட்டில்: பாடத்தின் நடுவே அடிக்கடி கழிப்பறை கேட்கிறாள், கண்டிக்கப்பட்டாள். அந்தக் கடைசிச் சொல்லை அவரால் படிக்க முடியவில்லை, நான்தான் எட்டிப் பார்த்துப் படித்தேன். கேன்டீன் அக்கா, "ரெண்டு மடங்கு சாப்பிட்டுது, பாட்டில் பாட்டிலா தண்ணி புடிச்சுது. வளர்ற பிள்ளைன்னு சந்தோஷப்பட்டேனே சிஸ்டர்" என்று வாய்விட்டு அழுதார். என் நோட்டில் என் கையெழுத்தில் மூன்று முறை: சோர்வு, குளுக்கோஸ் கொடுக்கப்பட்டது.

திட்டத்துக்குப் பெயர் வைத்தோமே, அந்த வாரத்திலேயே அவள் நான்கு நோட்டிலும் இருந்தாள்.

"இதெல்லாம் என் பீரோவில இருக்கட்டும்" என்று தலைமையாசிரியை நோட்டுகளை அடுக்கத் தொடங்கினார். அப்போதுதான் அவளுடைய அப்பா கதவருகே வந்து நின்றார். டைல்ஸ் ஒட்டுகிறவர். விரல் இடுக்குகளில் சிமெண்ட் காய்ந்திருந்தது. மகளின் புத்தகப் பையை வாங்கிப்போக வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கும்பிட்டார்.

"நீங்கதான் தூக்கிட்டு ஓடுனீங்களாமே சிஸ்டர். மறக்க மாட்டோம். பெத்தவங்க எங்களுக்கே தெரியல, உங்களுக்கெல்லாம் எப்படித் தெரியும்?"

தலைமையாசிரியை என்னைப் பார்த்து மெதுவாகத் தலையாட்டினார். பேசாதே என்று அர்த்தம். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர்மேல் இல்லை, என்மேல்.

"தெரிஞ்சுதுங்க" என்றேன். "எங்க நாலு பேருக்கும் ஆளுக்குக் கொஞ்சம் தெரிஞ்சுது. ஒண்ணா உக்காந்து பேசியிருந்தா முழுசா தெரிஞ்சிருக்கும். பேசல. நான் அவளுக்குச் சர்க்கரைத் தண்ணி கொடுத்து அனுப்பிட்டேன்."

அவர் மேஜைமேல் இருந்த நோட்டுகளைப் பார்த்தார்.

"பேச எவ்வளவு நேரம் ஆகும்?"

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"இப்ப இருபது நிமிஷம் ஆச்சுங்க" என்றேன்.

அவர் கத்துவார், அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. பையைத் தரையில் வைத்துவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எங்கள் நடுவில் உட்கார்ந்தார்.

"எனக்கும் படிச்சுக் காட்டுங்க" என்றார்.

தலைமையாசிரியையின் கையிலிருந்து என் நோட்டை வாங்கிப் படிக்க ஆரம்பித்தேன்.