புது உயிலைக் கிழித்தால் போதாது

தனக்குப் பின் வெல்டிங் பட்டறை மகளுக்கே என்று உயில் எழுதியவர்தான் பட்டறைக்காரர். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முகமூடியை மாட்டிக்கொண்டு அவரோடு நின்றவள் அவள். ஆனால் அங்கே லேத் மெஷினில் வேலை பார்த்தவனையே அவள் கட்டிக்கொண்டதும் அவர் கொதித்துப் போனார். பழைய உயிலை ரத்து செய்து, எல்லாம் மகனுக்கே என்று புதிதாக எழுதினார். மகள் முகத்தில் விழிக்கவில்லை.

அவர் கீழே விழுந்து இடுப்பொடிந்து கிடந்தபோது, மகன் தரகரைக் கூட்டிவந்து பட்டறையை அளந்தான். "இன்னும் கொஞ்ச நாள்தான். அப்புறம் இடிச்சு குடோன் ஆக்கிடலாம்." பட்டறையை ஒட்டிய வீட்டில் படுத்திருந்தவர் காதில் அது விழுந்தது. அன்றே புது உயிலைச் சுக்குநூறாகக் கிழித்தார். மகளை வக்கீல் அலுவலகத்துக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பிவிட்டு, தன்னையும் நாற்காலியோடு அங்கே தூக்கிப் போகச் செய்தார்.

"கிழிச்சாச்சு. பழசு செல்லும்ல?" என்றார் வக்கீலிடம்.

"செல்லாது. புதுசைக் கிழிச்சா புதுசுதான் போகும். ரத்தான பழசு தானா எழுந்து வராது. இப்ப உயிலே இல்ல. நீங்க போனா ஆளுக்குப் பாதி."

"அந்த நாய்க்குப் பாதியா?"

"பழைய உயில் என்கிட்ட பத்திரமா இருக்கு. அதையே மறுபடி உறுதி செய்யறதா எழுதி, ரெண்டு சாட்சி முன்னால கையெழுத்துப் போடுங்க."

பெரியவர் மகள் பக்கம் திரும்பினார். "உன் மேல பாசம் பொத்துக்கிட்டு வந்துடுச்சுன்னு நெனச்சுக்காதே. அவனுக்குப் போகக்கூடாது, அவ்வளவுதான்."

"எனக்கும் ஒண்ணும் பொத்துக்கிட்டு வரல," என்றாள். "அந்தப் பட்டறையில நானும் கையைச் சுட்டுக்கிட்டிருக்கேன். அதுக்காக வந்தேன்."

கூட வந்திருந்த அவள் கணவன் சாட்சி போடப் பேனாவை எடுக்க, வக்கீல் பிடுங்கிக்கொண்டார். "சொத்து கெடைக்கிறவங்க புருஷனே சாட்சி போட்டா நாளைக்கு வில்லங்கம் வரும்." எதிரே இருந்த மருந்துக்கடைக்காரரையும் பழைய இரும்புக் கடைக்காரரையும் கூப்பிட்டார்கள். இரும்புக்காரரைக் கண்டதும் பெரியவர், எடையில் ஏமாற்றிய பழைய கதையை எல்லாம் எடுத்துத் திட்டித் தீர்த்தார். பிறகு கையெழுத்திட்டார். சாட்சிகளும் இட்டார்கள்.

அப்போதுதான் விஷயம் தெரிந்து அவள் தம்பி ஓடிவந்தான்.

"படுக்கையில கெடக்கிற மனுஷனை மயக்கிட்டியேக்கா!"

"அளவெடுக்க வந்தது நானா, நீயா?"

"வெளியே போடா," என்று கத்தினார் பெரியவர்.

பெரியவர் இறந்த பிறகு, அப்பாவுக்குப் புத்தி பிசகியிருந்தது என்று தம்பி வழக்குப் போட்டான். இரும்புக்காரர் கூண்டேறினார். "புத்தி பிசகினவரா? அன்னைக்கு என்னைத் திட்டினாரு பாருங்க, இருபது வருஷத்துக் கதையை வரிசை மாறாம! எனக்கே பாதி மறந்து போச்சுங்க." நீதிபதியே சிரித்துவிட்டார். வழக்கு தள்ளுபடியானது. தம்பி அக்காவைத் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கிப் போனான், அவளும் கூப்பிடவில்லை.

மறுநாள் பட்டறையைத் திறந்தபோது கணவன் கேட்டான்: "மாமா படத்தைச் சுவத்துல மாட்டட்டுமா?"

கடைசிவரை அவனை ஒரு தடவைகூட மாப்பிள்ளை என்று அவர் கூப்பிட்டதில்லை.

"இப்ப வேண்டாம்," என்றாள். "எனக்கு இன்னும் மனசு ஆறல."