கால் எட்டாத வண்டி

தௌகே என்று நாங்கள் சொல்லும் சீன முதலாளியின் மோட்டார் சைக்கிள் கடையில் அந்தச் சின்ன வண்டியில் ஏறி உட்கார்ந்தபோது என் இரண்டு பாதங்களும் முழுசாகத் தரையில் பதிந்தன. குதிகால் உட்பட. இதில் என்ன பெரிய அதிசயம் என்று உயரமானவர்கள் கேட்பார்கள், கேட்கட்டும். பஸ்ஸில், ஆபீஸில், மாமனார் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், எங்கே உட்கார்ந்தாலும் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டே முப்பது வயதுக்கு வந்தவனுக்குத்தான் அந்த அருமை தெரியும். பாண்டம் என்று அதற்குப் பெயர், இங்கிலீஷில் ஒரு சின்னக் கோழி இனம். வெளிர்பச்சை நிறம். பெட்ரோல் டாங்கியில் ஒரு சின்னச் சேவல் படம் போட்டிருந்தது. இதுதான் என் வண்டி என்று அந்த நிமிடமே மனசுக்குள் முடிவு செய்துவிட்டேன். வாயால் சொல்லவில்லை. என் கதை முழுக்க அதுதான்.

எனக்கு மோட்டார் சைக்கிள் ஓட்ட ஆசையெல்லாம் கிடையாது. மலாக்காவில் மலேரியா ஒழிப்பு ஆபீஸில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஐம்பத்தேழாம் வருஷம், வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த சமயம். மேலே ஒருவர் கிளம்பினால் கீழே நான்கு பேர் ஒரு படி ஏறினார்கள். அப்படி ஏறியதில் ஜாசினில் மேற்பார்வையாளர் வேலை ஒன்று காலியானது. எஸ்டேட் எஸ்டேட்டாகப் போய்க் கால்வாய்களுக்கு எண்ணெய் தெளிக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். வேலையோடு ஒரு குவார்ட்டர்ஸ். இரண்டு அறை, ஒரு அடுப்படி, நாங்கள் திறந்து நாங்கள் சாத்துகிற ஒரு கதவு. செப்டம்பர் இரண்டாம் தேதி, திங்கட்கிழமை காலை, சொந்த வண்டியோடும் லைசென்ஸோடும் வந்து நிற்கிறவனுக்கு அந்த வேலை என்று பெரிய கிராணி சொல்லிவிட்டார். அப்போது ஜூலை கடைசி.

அந்தக் கதவு எனக்கு எவ்வளவு தேவைப்பட்டது என்பதைச் சொன்னால்தான் மற்றது புரியும். நான் வீட்டோடு மாப்பிள்ளை. ஜப்பான்காரன் காலத்தில் அப்பா அம்மா இரண்டு பேரும் போய்விட்டார்கள். செங் என்ற ஊர்ப் பக்கத்து எஸ்டேட்டில் யார் யார் வீட்டிலோ வளர்ந்து, படித்து, வேலைக்கு வந்தவன். காஜா பெராங்கில் மருதமுத்து என்ற ஓய்வுபெற்ற பஸ் இன்ஸ்பெக்டர், ஒரே பெண் சீதாவை எனக்குக் கொடுத்து, என்னையும் கூடவே வைத்துக்கொண்டார். பெண் பார்க்கப் போன அன்று எல்லோரும் உட்கார்ந்துதான் பேசினோம். பத்துப் பொருத்தத்தில் எட்டு இருந்தது. உயரம் அந்தப் பத்தில் இல்லை. கல்யாணத்தன்று மாலை மாற்ற எழுந்து நின்றபோதுதான் விஷயம் வெளியே வந்தது. நான் நாலடி பதினோரு அங்குலம். சீதா ஐந்தடி நாலு. யாரோ ஓடிப்போய் மணைக்கு மேல் இன்னொரு மணையைப் போட்டார்கள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு சட்டம் வந்துவிட்டது. யாரும் எழுதவில்லை, யாரும் மீறவும் இல்லை. குட்டை என்ற வார்த்தையை என் காதுபட யாரும் சொல்லக் கூடாது. முகம் பார்க்கும் கண்ணாடி நான் வந்த வாரமே ஒரு சாண் கீழே இறங்கியது. என் மைத்துனர் சேதுராமன் ஆறடி, டிராஃபிக் போலீஸ்காரர். பாவம், அதன்பிறகு முட்டியை மடக்கிக்கொண்டுதான் சவரம் செய்தார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. குடும்பப் படம் எடுத்தால் எனக்கு மட்டும் நாற்காலி, மற்றவர்கள் சுற்றி நிற்பார்கள். மாமியார் பொன்னம்மா சந்தைக்குப் போனால் குட்டை வாழைத்தாரைக்கூட அந்தப் பெயர் சொல்லி வாங்குவதில்லையாம், சீதா சொன்னாள். திட்டினால் திருப்பித் திட்டலாம். மரியாதையை என்ன செய்வது? ஒன்றரை வருஷம் அந்த மரியாதைக்குள் மூச்சு முட்டிக்கொண்டு கிடந்தேன். எனக்குத் தெரிந்த ஒரு விஷயம், அவர்களுக்கும் தெரிந்த விஷயம், நடு வீட்டில் மாடு மாதிரி படுத்திருந்தது. ஐந்து பேர் நடமாடும் வீட்டில் எல்லோரும் அதைச் சுற்றியே நடந்தோம்.

கடைக்குச் சேதுராமனும் வந்திருந்தார். வண்டி விஷயம் தெரிந்தவர் என்று மாமாதான் அனுப்பினார். நான் பாண்டத்தில் உட்கார்ந்திருப்பதைத் தௌகே சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நல்ல மனுஷன். நாற்பது வருஷமாக வண்டி விற்கிறவர். காக்கி பெண்டேக், அம்பெல் இனி லா என்று மலாயில் சொன்னார். கால் குட்டை, இதையே எடுத்துக்கொள் என்று அர்த்தம். என் வாழ்க்கையில் எனக்கு யாரும் சொன்ன புத்திமதிகளில் அதைவிட உருப்படியானது கிடையாது.

சேதுராமனின் முகம் சிவந்துவிட்டது.

"யாரப் பாத்து என்னா பேச்சு பேசுற நீ? எங்க மாப்பிள்ளைக்கு இந்தச் சேவக்குஞ்சா? அந்தா நிக்குது பாரு, அத எறக்கு."

ஒரு வார்த்தை தமிழ் தெரியாத தௌகேயிடம் தமிழிலேயே இதைச் சொன்னார். அவர் கைகாட்டியது கடையின் கடைசியில் நின்ற ஐந்நூறு சிசி வண்டி. கறுப்பு, பளபளப்பு, என் இடுப்புக்கு மேல் அதன் சீட்டு. சேதுராமனைக் குறை சொல்ல மாட்டேன். சின்ன வண்டி வாங்கினால் என்னைச் சின்னவன் என்று சொன்னதாகிவிடும் என்று பதறிப் போனார். இருப்பதில் பெரியதை வாங்கிக் கொடுத்தால்தான் என் மானம் காப்பாற்றப்படும் என்று மனசார நம்பினார். தௌகே என்னைப் பார்த்தார். மச்சான், இதுதான் எனக்கு எட்டும் என்று சொல்ல எனக்கு ஒரு மூச்சு போதும். நான் சொன்னது, உங்க இஷ்டம் மச்சான்.

வண்டியை மாமா தன் பெயரில் எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். மாலை போட்டு, விளக்குக்குப் பொட்டு வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியாயிற்று. ஸ்டாண்டில் நின்றபோது என்னை ஏற்றி உட்காரவைத்தார்கள். ஸ்டாண்டு போட்ட வண்டியில் யார் உட்கார்ந்தாலும் ராஜாதான். படம் எடுத்தார்கள். நாடே விடுதலை ஆகுது, எங்க மாப்பிள்ளையும் சும்மா ஜம்முனு போவாரு என்று மாமா தெருவைப் பார்த்துச் சொன்னார். ஸ்டாண்டை எடுத்த பிறகுதான் என் கதை தொடங்கியது. உடம்பை ஒரு பக்கமாக வளைத்துக்கொண்டு சாய்ந்தால் பெருவிரல் நுனி தரையைத் தொடும். அதற்குள் வண்டி விழ ஆரம்பித்திருக்கும். ஒருமுறை சாய்ந்தால் அதைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும்.

ஓட்டுவதில் எனக்குச் சிரமம் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஓடும்போது எந்த வண்டியும் எல்லோருக்கும் ஒரே உயரம்தான். நிறுத்துவதுதான் பிரச்சினை. திடலில் பழகிய முதல் நாள் நான்கு முறை விழுந்தேன். தரை ஈரம் மாப்பிள்ள என்று சேதுராமன் நான்கு முறையும் சொன்னார். இரண்டு வாரமாக மழையே இல்லை. மறுநாள் காலை வாசலில் ஒரு கனத்த பலகை கிடந்தது. துணி துவைக்க என்றார் அத்தை. துவைக்கிற கல் கிணற்றடியில்தான் இருந்தது. அந்தப் பலகை மேல் நின்றால் எனக்கு வண்டியில் ஏற முடிந்தது, இறங்க முடிந்தது. ஆபீஸ் வாசலிலும் அதேபோல் ஒரு பலகை முளைத்தது. சேதுராமன் டியூட்டிக்குப் போகிற வழியில் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறார்.

அப்படித்தான் என் உலகம் சுருங்கியது. வீட்டு வாசல் பலகை, கோயில் படிக்கட்டு, பாலத்துக் கட்டை, கடைகளின் முன் உயர்ந்திருக்கும் அஞ்சடி நடைபாதை, ஆபீஸ் பலகை. இந்த ஐந்து இடங்களில் மட்டும் நான் காலை ஊன்ற முடியும். நடுவில் ஒரு மாட்டுவண்டி குறுக்கே வந்தால்கூட நான் கீழே விழ வேண்டியதுதான். ஊரெங்கும் சுதந்திரத்துக்குத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் அதற்கடியில் ஒரு திண்டிலிருந்து அடுத்த திண்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். கசாப்புக் கடை ஆடுகூட என்னைவிட நிம்மதியாக நின்றிருக்கும். ஜாசின் போகிற இருபது மைல் ரோட்டில் எனக்கு எங்கே பலகை போட்டு வைப்பார்கள்?

ஆகஸ்ட் மூன்றாவது வாரம் அதே திடலில் டெஸ்ட். எட்டுப் போட்டேன், நேர்கோட்டில் ஓட்டினேன். வெள்ளைக் கோட்டில் நிறுத்திக் காலை ஊன்றச் சொன்னார்கள். நிறுத்தினேன். ஊன்ற என்னிடம் கால் இல்லை. வண்டியும் நானும் சேர்ந்து விழுந்தோம். சோதனை செய்த அதிகாரி என்னைத் தூக்கிவிட்டு, மண்ணைத் தட்டிவிட்டு, தாளில் ஒரே வரி எழுதிக் கொடுத்தார். ஆளின் உயரத்துக்கு வண்டி பெரியது, வேறு வண்டியில் வரவும். அடுத்த டெஸ்ட் புதன்கிழமை, இருபத்தெட்டாம் தேதி. செப்டம்பர் இரண்டுக்கு முன்னால் அதுதான் கடைசி. கூட வந்திருந்த சேதுராமன் அந்தத் தாளை வாங்கிப் படித்தார், நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வீட்டில் போய், பிரேக் சரியில்லைனு சொல்லிட்டான் என்றார். வீட்டாரிடம் அவர் பொய் சொல்லி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

தௌகேயின் கடை திடலுக்கு எதிரில். நான் விழுந்ததை அவர் பார்த்திருந்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பாண்டம் இன்னும் இருக்கிறது, செவ்வாய்க்கிழமைக்குள் உன் மாமனார் வந்து ஒரு வார்த்தை சொன்னால் மாற்றித் தருகிறேன் என்றார். வண்டி மாமா பெயரில் இருந்ததால் அவர்தான் வர வேண்டும்.

இதை நான் சீதாவிடம் மட்டும் சொன்னேன். அவள் அதற்குள் மனசால் ஜாசினுக்குக் குடிபோயிருந்தாள். அடுப்படி எந்தத் திசை பார்த்திருக்கிறது என்று என்னிடம் மூன்று தடவை கேட்டிருக்கிறாள். பிறந்த வீட்டிலேயே வாழ்க்கைப்பட்டவளுக்கு வயது இருபத்துநாலு ஆகியும், உப்பு எவ்வளவு போடலாம் என்று அவளாகத் தீர்மானிக்க முடியாது. எல்லாரும் மருமகளாகத் தனிக்குடித்தனம் போறாங்க, நான் மகளாகவே கிழவியாகிடுவேன் போல என்று ஒரு தடவை சிரித்துக்கொண்டே சொன்னாள். சிரிப்பு கண்வரைக்கும் போகவில்லை.

"நீங்க அப்பாகிட்ட சொல்றீங்களா?" என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டின்போது சொல்கிறேன் என்று அவள் கையில் அடித்துச் சொன்னேன்.

ஞாயிறு மதியம் புக்கிட் காதிலிலிருந்து மாமாவின் தம்பி நல்லையா வந்திருந்தார். மாமா, நல்லையா, சேதுராமன், நான், நால்வரும் மேசையில். அத்தை குழம்பு ஊற்ற, சீதா ரசச் சட்டியோடு என் பின்னால் நின்றாள். அடுத்த டெஸ்ட் எப்போது என்று நல்லையாதான் பேச்சை எடுத்தார். புதன் என்றார் மாமா. பிரேக்கை நானே முடுக்கிட்டேன் என்றார் சேதுராமன், தட்டைப் பார்த்தபடி. இதைவிட நல்ல இடம் கிடைக்காது. நான் தொண்டையைச் செருமினேன். மாமா, வண்டி என்று ஆரம்பித்தேன். சொல்லுங்க மாப்பிள்ள என்று அவர் சாப்பிடுவதை நிறுத்தி, முழு மரியாதையோடு என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தைப் பார்த்தேன். வண்டி நல்ல வண்டிதான் மாமா என்றேன்.

ரசச் சட்டியை மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது.

"அப்பா, அந்த வண்டிய மாத்தணும்" என்றாள் சீதா. "அவங்களுக்குக் கால் எட்டல. டெஸ்டுல விழுந்தது பிரேக்கால இல்ல. அவங்க குட்டை. தௌகேகிட்ட சின்ன வண்டி இருக்கு, செவ்வாய்க்குள்ள நீங்க போயி சொன்னாப் போதும்."

ஒன்றரை வருஷத்தில் அந்த வீட்டில் அந்த வார்த்தை முதல்முறையாக ஒலித்தது. எனக்குக் கோபம் வரவில்லை. நெஞ்சு மேல் ஏறி உட்கார்ந்திருந்த ஆள் எழுந்து போனதுபோல் இருந்தது. அது ஒரு நொடிதான்.

மாமா தட்டைத் தள்ளினார். கட்டின புருஷனை நாலு பேர் முன்னால் என்ன வார்த்தை சொல்கிறாய் என்று கேட்டார். அத்தை வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டார். நல்லையா வெளியே பார்த்தார். சேதுராமனின் சட்டைப் பையில் அந்தத் தாள் இருந்தது, இருப்பது எனக்குத் தெரியும். அவர் கை அந்தப் பை வரைக்கும் போய், அப்படியே கீழே இறங்கிவிட்டது.

"மாப்பிள்ள, தப்பா எடுத்துக்காதீங்க. நாங்க வளத்த வளப்பு சரியில்ல" என்று மாமா என்னைக் கும்பிட்டார். அறுபது வயது மனுஷன், கண்ணில் தண்ணீரோடு. பிறகு சீதாவைப் பார்த்து, "கால்ல விழுந்து மன்னிப்புக் கேளு" என்றார்.

சீதா அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். பயமோ கெஞ்சலோ அந்தப் பார்வையில் இல்லை. அவள் தன் பங்கைச் செய்துவிட்டாள், இனி என் முறை, அவ்வளவுதான். அவ சொன்னது நிஜம் மாமா என்றால் போதும். அதை என் நாக்கு நுனிவரை கொண்டுவந்தேன். என்னைக் கும்பிட்ட கை இன்னும் இறங்காமல் நின்றது. நான் அவளுக்காகப் பேசினால் இந்த மனுஷர் ஒன்றரை வருஷமாக எனக்குச் செய்த மரியாதை முழுவதும் இந்தச் சாப்பாட்டு மேசையில் பொய்யாகிப் போகும் என்று தோன்றியது. இதெல்லாம் பிறகு நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம். உண்மையில் எனக்கு வெட்கம். நான் குட்டை என்று என் வாயால் ஒத்துக்கொள்ள வெட்கம்.

சீதா குனிந்தாள். அவள் நெற்றி என் காலில் பட்டது. நான் அந்த மன்னிப்பை ஏற்றுக்கொண்டால் அவள் சொன்னது அபாண்டம் என்றாகும், வண்டி மாறாது, ஜாசின் போய்விடும். எனக்கு அது தெரியும். குனிந்திருந்தவளுக்கும் தெரியும். அவள் எழாமல் அப்படியே காத்திருந்தாள்.

நான் எல்லோருக்கும் கேட்கும்படி, "பரவாயில்ல, எந்திரி" என்றேன்.