கதவு சாத்தும் சத்தம்

எங்கள் கார் இரண்டு லட்சத்து எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிவிட்டது. செல்ஃப் எடுக்காது, ஹேண்ட் பிரேக்கும் பிடிக்காது. அதனால் எங்கே போனாலும் சரிவாகப் பார்த்து நிறுத்தி, முன்சக்கரத்துக்கு ஒரு கல் வைப்போம். கிளம்பும்போது நான் ஏறிக் கதவை அடித்துச் சாத்துவேன். அந்தச் சத்தம் கேட்டதும் என் மனைவி பொற்கொடி கல்லை உருவிவிட்டு ஓடிவந்து ஏறிக்கொள்வாள். வண்டி உருண்டு ஸ்டார்ட் ஆகிவிடும்.

சென்ற ஞாயிறு வல்லத்திராக்கோட்டையில் விருந்து முடித்து, கண்மாய்ச் சரிவில் நிறுத்தியிருந்த காருக்கு வந்தோம். ஐந்து வயது மகள் இசைவாணி பின்சீட்டில் ஏறிப் படுத்துவிட்டாள். பொற்கொடி முன்சக்கரத்தருகே போய்க் குனிந்தாள். நான் கதவைத் திறந்தபோதுதான் செல்போனை விருந்து வீட்டில் விட்டது நினைவுக்கு வந்தது. கதவைச் சாத்திவிட்டுத் திரும்பி நடந்தேன்.

நாலு எட்டு வைத்திருப்பேன். பின்னால் சரளை நெரிந்தது. பார்த்தால், கார் தண்ணீரை நோக்கி உருள்கிறது. கையில் கல்லோடு பொற்கொடி நிற்கிறாள்.

"என்னங்க, நீங்க உள்ள இல்லையா?"

ஓடினேன். பின்கதவு உள்ளேயிருந்து திறக்காது. அதுவும் எங்களுக்குப் பழகிப்போன குறைதான். முன்கதவைத் திறந்து, பாதி உடம்பை உள்ளே திணித்து, பிரேக்கைக் கையாலேயே அழுத்தினேன். முன்சக்கரம் தண்ணீரில் இறங்கி நின்றது.

"ஸ்டார்ட் ஆகலையாப்பா?" என்றாள் இசைவாணி.

பொற்கொடி பின்கதவைத் திறந்து அவளை வாரியெடுத்துக்கொண்டு கரையேறினாள்.

"கைய எடுத்துட்டு வாங்க. வண்டி போனாப் போவுது."

எடுக்கத்தான் பார்த்தேன். பிள்ளை கரையேறிவிட்டாள் என்று தெரிந்தும், பிரேக்கை விட்டுக் கை வரவில்லை.