பங்களாக் குழாயில் பால்

சுங்கை லாலாங் பங்களா ஹோட்டலில் காலையில் எந்தக் குழாயைத் திறந்தாலும் பால் வரும். வெதுவெதுப்பான, நுரை கட்டிய பசும்பால். எட்டு மணிக்கு மேல் வழக்கம்போல் தண்ணீர்தான். முன்பு தோட்டத்துத் துரை இருந்த பங்களா அது. இப்போது ஏர்கோன் போட்டு, பினாங்குக்காரர்கள் வந்து தங்கும் இடமாக்கிவிட்டார்கள்.

பால் யாருடையது என்பதில் இங்கே யாருக்கும் சந்தேகமில்லை. பக்கத்துக் கம்பத்தில், அதாவது கிராமத்தில், மாடு வைத்திருக்கும் குணசுந்தரியுடையது. முதலில் கன்றை ஊட்டவிட்டு, அது முட்டி முட்டிப் பால் இறங்கிய பிறகுதான் அவள் கறப்பாள். புருஷன் தர்மலிங்கம் கூலிம் டவுன் ஃபேக்டரியில் ஷிப்ட் வேலை பார்த்தவன்; மிஷின் என்றால் சாமி. பால் கறக்கும் மிஷின் ஒன்றை வாங்கி வந்தான். இனிமேல் கன்று எதற்கு, அது குடிப்பதும் நமக்கே மிச்சம் என்று, அவள் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் கன்றுகளை லாரியில் ஏற்றிவிட்டான், பாவி. மறுநாள் மிஷின் அருமையாக ஓடியது. மடி வற்றியது. வாளியில் ஒரு சொட்டு விழவில்லை. அதே நேரம் பங்களாவில் பல் துலக்கிக்கொண்டிருந்த ஒருவர், கொப்பளிக்க எடுத்ததை விழுங்கிவிட்டு இன்னொரு வாய் பிடித்தார். அன்றிலிருந்து கையால் கறந்தாலும் அதே கதைதான்.

"மிஷினுக்குக் கன்னு வேணாம், சரி. மாட்டுக்கு வேணுமான்னு கேட்டீங்களா?" என்று மட்டும் குணசுந்தரி புருஷனிடம் கேட்டாள்.

அவள் வாளியோடு பங்களாவுக்குப் போய்த் தன் பாலைக் கேட்டாள். மேனேஜர் பரஞ்சோதி அவள் வீட்டுப் பால் குடித்து வளர்ந்தவன்தான். ஹோட்டல் குழாயில் வருவது ஹோட்டலுடையது என்று சொல்லி அனுப்பிவிட்டான். வெட்கங்கெட்டவன். குழாயில் பசும்பால் என்று வாசலில் போர்டு வைத்தான், அறைகள் நிரம்பின. அடுத்த மழைக்காலத்தில் மாடுகள் கன்றுகளைத் தேடிக் கத்திக் கத்திப் பாலை அடக்கிக்கொண்டன. மிஷின் இழுத்தும் இறங்கவில்லை, குழாயிலும் வரவில்லை. விருந்தாளிகள் முணுமுணுக்க, பரஞ்சோதி மோட்டாரில் வந்து நின்றான்.

"அக்கா, நீங்க வந்து கூப்பிட்டுப் பாருங்கலா. ஒங்க கொரலுக்கு எறங்கும்."

செருப்பால் அடித்திருக்க வேண்டும். ஆனால் மடி கல்லாகி மாடு துடிப்பதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. போனாள்.

இப்போது தினமும் காலையில், வீட்டில் தர்மலிங்கம் மிஷினை மாட்டும் நேரத்துக்கு, குணசுந்தரி ஹோட்டல் சட்டையோடு குழாயடியில் குனிந்து, கன்று முட்டுவதைப்போல நெற்றியால் முட்டி, செவலை, செவலை என்று மாட்டைக் கூப்பிடுகிறாள். பால் இறங்குகிறது, மாடுகளும் அமைதியாகின்றன. பிறகு விருந்தாளிகள் சிந்தியதை அவளே துடைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறாள். அங்கே இரண்டு பேருக்கும் தே ஓ, பால் சேர்க்காத வெறும் தேத்தண்ணி.